தோட்டத்தார் கொடுத்த ஒரு வெள்ளியும் தனிநாயகம் அடிகளாரும்

தானா ராத்தா, செப். 1 -

தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார் மறைந்த நாள் இன்று. 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் அவர் காலமானார். உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர்கள் நம் நாட்டில் குறைவு. அதற்கு வித்திட்டவர், முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரிலேயே நடத்திக் காட்டியவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவார்கள். பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் அவ்வளவுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றதும் நிகழ்த்திய தொடக்கப் பேருரை எதைப் பற்றியது தெரியுமா? தமிழ் இலக்கணத்தைப் பற்றியதல்ல. இந்தியச் சிந்தனையும் உரோமானிய ஸ்டோயிக் தத்துவமும் என்பதே அதன் பொருள். கிரேக்க நாட்டில் பிறந்து உரோமாபுரியில் வளர்ந்த ஒரு தத்துவத்தை நம் திருக்குறள், புறநானூறு பக்கத்தில் வைத்துப் பார்த்தார் அவர்.

ஒரு பாதிரியார் கோலாலம்பூரில் நின்று கிரேக்கத் தத்துவம் பேசியதில் ரப்பர் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் வாழ்ந்த நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. அதற்கு அவர் வாழ்க்கையைச் சற்றுப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி, யாழ்ப்பாணத்துக்கு அருகே ஊர்காவற்றுறைத் தீவிலுள்ள கரம்பொன்னில் அவர் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சேவியர் ஸ்டனிஸ்லாஸ். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, பிறகு கொழும்பு குருமடம் என்று படிப்பு நகர்ந்தது. 1934இல் உரோமாபுரிக்குச் சென்றார். 1938இல் அங்கேயே குருப்பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இறையியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்ரியானின் காலத்துக் குருமார்களைப் பற்றியது அவருடைய ஆய்வு.

கத்தோலிக்கக் குருமாணவர்களுக்கு இறையியலுக்கு முன்னால் தத்துவம் கற்பிப்பார்கள். தத்துவம் என்றால் அங்கே முதலில் கிரேக்கம்தான். அறிவு என்றால் என்ன, நல்லவனாக இருப்பதைக் கற்றுக் கொடுக்க முடியுமா, நல்ல நாடு எப்படி அமைய வேண்டும் என்ற மூன்று கேள்விகளை ஏதென்ஸ் நகரத்துத் தெருக்களில் கேட்டுக் கேட்டே பலரின் கோபத்துக்கு ஆளானவர் சாக்ரட்டீஸ். கி.மு. 399இல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. நஞ்சு குடித்து இறந்தார். அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. மாணவர் பிளாட்டோ எழுதினார். பிளாட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் அதை மேலும் விரித்தார். மேல்நாட்டு அறிவுலகம் இந்த மூவரிடமிருந்தே தன் கணக்கைத் தொடங்குகிறது. இளைஞர் சேவியரும் அந்தக் கணக்கைத்தான் இலத்தீன் மொழியில் படித்தார்.

அப்போது அவருக்குத் தமிழ் இலக்கியம் அதிகம் தெரியாது. ஆங்கிலப் பள்ளியில் படித்த அக்கால யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலரின் நிலை அதுதான். நம் நாட்டில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன பட்டணத்துப் பிள்ளைகளின் நிலையும் அதற்கு மாறாக இல்லை.

உரோமாபுரியிலிருந்து திரும்பியவருக்குத் தமிழ்நாட்டின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணி கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம் என்ற ஊரில் பள்ளி ஆசிரியரானார். முனைவர் பட்டத்தோடும் பல ஐரோப்பிய மொழிகளோடும் வந்தவருக்கு, சுற்றியிருந்த மக்களின் மொழியில் நல்ல முறையில் ஒரு பிரசங்கம் செய்யத் தடுமாற்றம். என்ன செய்தார்? வெட்கப்படாமல் மாணவனாக உட்கார்ந்தார். அந்த ஊரிலிருந்த பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் இலக்கணத்திலிருந்து தொடங்கிப் பாடம் கேட்டார். கத்தோலிக்கப் பாதிரியாருக்கு ஐயர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். மதம், சாதி என்று பேசிப் பிரிவதற்கு அங்கே நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. தனிநாயகம் என்ற பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் இந்தத் தமிழ்நாட்டுக் காலத்தில்தான்.

அதற்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். முப்பது வயதைத் தாண்டிய குருவானவர், இளைஞர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழ் முதுகலை படித்தார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்றோர் அங்கே இருந்த காலம் அது. முதுகலைக்குப் பின் செய்த ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்கப் பாடல்களில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தோடு மனித உணர்வைப் பின்னிய அந்த மரபை உலக இலக்கியங்களோடு ஒப்பிட்டு எழுதினார். அந்த நூல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் வேறு பெயரில் மறுபதிப்பும் கண்டது. காதலைப் பாடும் அகப்பாடல்களை ஒரு துறவி இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாரே என்று அக்காலத்தில் சிலர் முகம் சுளித்திருந்தாலும் வியப்பில்லை. மலையும் மூங்கிலும் பனியும் சூழ்ந்த குறிஞ்சி நிலத்திலேயே வாழும் கேமரன் மலை வாசகர்களுக்கு அந்த நூல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கும்.

1949இல் கிளம்பி ஓராண்டுக்கும் மேலாக நாடு நாடாகச் சுற்றினார். அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தமிழைப் பற்றிப் பேசினார். போன இடத்திலெல்லாம் ஒரே அனுபவம். இந்தியா என்றால் சமஸ்கிருதம் தெரியும், காந்தி தெரியும். தமிழ் என்று ஒன்று இருப்பதே பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை. ஆவேசப் பேச்சால் இதை மாற்ற முடியாது, அவர்களுடைய மொழியில் அவர்கள் ஒப்புக்கொள்ளும் ஆய்வு முறையில் எழுதினால்தான் காது கொடுப்பார்கள் என்று அவர் கண்டுகொண்டார். 1952இல் ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ்ப் பண்பாடு என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்த இதழ் 1966 வரை நடந்தது. செக் நாட்டுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ் பற்றி எழுத ஓர் இடம் கிடைத்தது.

அதே காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் அவர் தோண்டி எடுத்தவை தனிக்கதை. 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை உரோமன் எழுத்தில் கொண்ட சிறு நூலைப் பற்றி எழுதினார். வத்திக்கான் நூலகத்தில், 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டெடுத்தார். அந்தாவோ தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்தது. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. முந்நூறு ஆண்டுக்கு முன் சாதாரண மக்கள் பேசிய தமிழ் அதில் பதிந்திருக்கிறது. இந்த அகராதியை மலாயாப் பல்கலைக்கழகம் 1966இல் உள்ளது உள்ளபடியே நிழற்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டது. தமிழின் மிகப் பழைய அச்சு அகராதிகளில் ஒன்று மறுபிறவி எடுத்தது நம் நாட்டில்!

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராகப் பணியாற்றியபோது இலண்டனுக்குச் சென்று இன்னொரு முனைவர் பட்டமும் பெற்றார். இம்முறை பொருள், பழந்தமிழர் கல்விச் சிந்தனை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற சட்டம் வந்தபோது, அதை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத் திடலில் நடந்த சத்தியாக்கிரகத்தில் அவரும் அமர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் மனம் இலங்கைக்கு வெளியே திரும்பியது. 1961இல் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்து அமர்ந்த நாற்காலி யார் போட்டது?

இந்திய ஆய்வியல் துறை 1956இல், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன், அந்தத் துறையில் தமிழைவிடச் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கிடைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்தெழுந்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஓர் இயக்கம் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளியாவது கொடுங்கள் என்று கேட்டார். துறைமுகத் தொழிலாளியும் சாலை போடுபவரும் பால் மரம் சீவியவரும் கொழுந்து கிள்ளியவரும் கொடுத்தார்கள். அன்றைய நாள் கூலியோடு வைத்துப் பார்த்தால் ஒரு வெள்ளி என்பது சிறு தொகை அல்ல. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அல்லர். மிதிப்போம் என்று நினைத்தவர்களும் அல்லர். தமிழ் அந்தத் துறையில் நிலைத்தது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு மாறியது. அங்கே தலைமை ஏற்றவர்தான் அடிகளார்.

இப்போது அந்தத் தொடக்கப் பேருரையின் பொருளுக்கு வருவோம்.

ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கியவர் சீனோ. சைப்ரஸ் தீவிலிருந்து வந்த வணிகர். கப்பல் உடைந்து, இருந்த சரக்கையெல்லாம் இழந்து ஏதென்சில் கரையேறி, ஒரு புத்தகக் கடையில் சாக்ரட்டீசைப் பற்றிப் படித்து மனம் மாறினார் என்று வழிவழியாகக் கதை சொல்வார்கள். கி.மு. 300 அளவில், ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் நின்று கற்பிக்கத் தொடங்கினார். அந்த மண்டபத்தின் கிரேக்கப் பெயர்தான் தத்துவத்துக்கும் பெயராயிற்று. ஊர்க்காரர் அல்லர், கப்பல் ஏறி வந்தவர். நம் பாட்டன் பூட்டன் கதையை நினைவுபடுத்துகிறதல்லவா?

பிளாட்டோவும் அரிஸ்டாட்டிலும் நல்ல நாட்டைப் பற்றி எழுதினார்கள் என்றோம். பிளாட்டோவின் நாட்டில் மக்கள் மூன்று வகை. ஆள்பவர்கள் அறிஞர்கள், காப்பவர்கள் வீரர்கள், உழைப்பவர்கள் மற்றவர்கள். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்தால் அதுவே நீதி. அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி போனார். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று எழுதினார். கையால் உழைப்பவனுக்கு ஓய்வு இல்லை, ஓய்வு இல்லாதவனுக்கு அறம் வளராது, ஆகவே சிறந்த நாட்டில் அவனுக்குக் குடியுரிமை கூடாது என்பது அவர் கணக்கு. இத்தனை பெரிய அறிவாளிக்கு இது எப்படித் தோன்றியது என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் தோட்டங்களை நடத்திய துரைமார்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதுதான். தோட்டப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் படித்தால் மரம் சீவ ஆள் கிடைக்காது என்றே அக்காலத்தில் பலர் நினைத்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பள்ளியும் இருந்தது. கங்காணியோ கிராணியோ பகுதி நேரமாகப் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிகளும் அவற்றில் உண்டு.

சாக்ரட்டீஸ் பற்றி பிளாட்டோ எழுதிய ஒரு காட்சி இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு பணக்காரர் வீட்டு அடிமைச் சிறுவனை சாக்ரட்டீஸ் அழைக்கிறார். ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பக்கத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்கிறான் சிறுவன். தவறு. பரப்பு நான்கு மடங்காகிவிடும். மறுபடி ஒரு முயற்சி, அதுவும் தவறு. விடையைச் சொல்லாமல், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போக, முதல் சதுரத்தின் மூலைவிட்டமே புதிய சதுரத்தின் பக்கம் என்பதைச் சிறுவன் கண்டுகொள்கிறான். ஒருநாளும் பள்ளிக்குப் போகாதவன். அறிவு எல்லோருக்குள்ளும் இருக்கிறது, கேட்க ஆள் வேண்டும் என்று சாக்ரட்டீஸ் காட்டிவிட்டார். ஆனால் பாடம் முடிந்ததும் அந்தச் சிறுவன் மீண்டும் அடிமை வேலைக்குத்தான் திரும்பியிருப்பான். அவனை விடுதலை செய்ய வேண்டும் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டோயிக்குகள் இந்த இடத்தில்தான் மாறுபட்டார்கள். அறிவு எல்லோரிடமும் ஒரே தன்மையில் இருக்கிறது, ஆகவே மனிதர் எல்லோரும் ஒரே நகரத்துக் குடிமக்கள், அந்த நகரம் உலகம் என்றார்கள். நல்லவனா இல்லையா என்பதைப் பிறப்பும் செல்வமும் தீர்மானிக்காது. இந்தப் பள்ளியின் பெயர் பெற்ற ஆசிரியர்களுள் ஒருவரான எப்பிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமுற்றவர். அவருடைய பாடங்களைப் பக்தியோடு படித்தவர்களில் ஒருவர் உரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ். பேரரசருக்கு ஆசிரியர் ஓர் அடிமை. அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்று அவர்களும் போராடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அடிமையும் மனிதன், அவனை மனிதனாக நடத்து என்று செனேகா போன்ற செல்வர்கள் எழுத நேர்ந்ததே ஒரு பெரிய மாற்றம்.

அடிகளார் இதைப் படித்திருந்தார். பிறகு வடக்கன்குளத்திலும் அண்ணாமலையிலும் புறநானூற்றைப் படித்தபோது 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனாரைச் சந்தித்தார். எந்த ஊரையும் தன் ஊராகவும் எவரையும் தன் சுற்றமாகவும் கொள்ளும் அந்தப் பாடலின் பரந்த மனம், இலத்தீனில் தான் படித்ததன் உடன்பிறப்புப் போல அவருக்குப் பட்டது. அந்தப் பாடலை அவர் போகும் இடமெல்லாம் எடுத்துச் சென்றார். தமிழாராய்ச்சி மன்றத்தின் குறிக்கோள் வாசகமாகவும் அதன் முதல் அடியே அமைந்தது. இன்று மேடைதோறும் அந்த அடி ஒலிக்கிறது என்றால் அதை உலகறியச் செய்த முதல் சிலரில் அவர் ஒருவர்.

திருக்குறளிலும் அவ்வாறே. ஸ்டோயிக்குகள் அறிவும் அறமும் நிரம்பிய ஒரு முழு மனிதனைக் கற்பனை செய்து, அவனை நோக்கி வாழ்க்கையை நடத்தச் சொன்னார்கள். வள்ளுவரும் சங்கப் புலவர்களும் சொன்ன சான்றோன் அவனுக்கு நிகரானவன் என்று அடிகளார் ஒப்பிட்டார். இன்பம் வந்தாலும் துன்பம் வந்தாலும் நிலை குலையாதிருப்பது, பிறரைத் தன்னைப்போல் எண்ணுவது என்று ஒப்புமைகள் உண்டு. வேறுபாடும் உண்டு. ஸ்டோயிக்குகள் உணர்ச்சியை அடக்குவதையே பெருமையாக எண்ணினார்கள். வள்ளுவரோ அறத்தையும் பொருளையும் சொன்ன கையோடு காமத்துப்பாலையும் எழுதினார். குழந்தை கையால் அளாவிய கூழை அமிழ்தமாகக் கருதும் தந்தை அந்த உரோமானியர் கற்பனைக்கு எட்டாதவர் என்றே நினைக்கிறேன்.

பிளாட்டோ தன் நாட்டிலிருந்து கவிஞர்களை வெளியேற்றச் சொன்னார். அவர்கள் பொய்யைப் பரப்புகிறார்களாம். பழந்தமிழ் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். வெண்ணிக் குயத்தியார் என்றொரு புலவர்; பெயரே அவர் குயவர் குலப் பெண் என்று சொல்கிறது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாட வந்தவர், வென்ற நீ பெரியவன்தான், ஆனால் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட உன் எதிரி உன்னைவிடப் பெரியவன் அல்லவா என்ற கருத்தில் பாடிவிட்டுப் போனார். மண் பிசைந்த குலத்துப் பெண், பேரரசனுக்கு அறம் சொன்னார். அரிஸ்டாட்டிலின் கணக்கில் அவருக்குக் குடியுரிமையே கிடைத்திருக்காது. புலவர்களே அக்காலத் தமிழகத்தின் கல்வியாளர்கள் என்று அடிகளார் திரும்பத் திரும்ப எழுதினார். இலண்டன் ஆய்வின் சாரமும் ஏறத்தாழ அதுவே.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரேக்கர்களைவிட நாம் உயர்ந்தவர்கள் என்று மார் தட்டுவதற்காக அவர் இதைச் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் அன்றைய கூட்டங்களில் கைதட்டல் இன்னும் பலமாகக் கிடைத்திருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், உலக அறிவின் வரலாற்றில் இந்தப் பக்கமும் விடுபடக்கூடாது என்பதே அவர் கேட்டது. அந்த நிதானம் நம்மிடம் இப்போது குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். எல்லாவற்றுக்கும் நாமே முதல் என்று புலனத்தில் வரும் செய்திகளை அப்படியே நம்பிப் பகிர்கிறோம். அவரோ ஒரு பழைய அகராதியின் ஒரு பிரதிக்காக நூலகம் நூலகமாக ஏறி இறங்கியவர்.

அந்த அணுகுமுறையின் பலன்தான் 1964 ஜனவரி 7. டெல்லியில் அனைத்துலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்துகொண்டிருந்தது. அதற்கு வந்திருந்த தமிழ் ஆர்வலர்களை அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியமும் ஒரு தனிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அங்கே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பாரிசின் ஜான் ஃபிலியோசா தலைவர். பரோ, எமனோ, கைப்பர், தெ.பொ.மீ., மு. வரதராசனார் போன்றோர் துணைத் தலைவர்கள். செயலாளர்களாக அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும். தன்னைத் தலைவராக்கிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் சங்கங்களில் அரிதாகக் காணும் பண்பு இது.

முதல் மாநாடு எங்கே? சென்னையில் அல்ல, யாழ்ப்பாணத்திலும் அல்ல. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். அமைச்சராகவும் மஇகா தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் துணை நின்றார். அன்றைய சென்னை மாநில முதல்வர் பக்தவத்சலமும் வந்திருந்தார். படித்த கட்டுரைகள் பின்னர் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. ஆய்வாளர்கள் உட்கார்ந்து விவாதித்த மாநாடு அது. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாடு வேறு மாதிரி: அலங்கார ஊர்திகள், கடற்கரையில் சிலைகள், இலட்சக்கணக்கில் மக்கள். திருவிழாவும் தேவைதான். ஆனால் அடிகளார் கோலாலம்பூரில் போட்ட அச்சு அது அல்ல.

பல்கலைக்கழகத்தில் அவர் கலைப்புலத் தலைவராகவும் இருந்தார். தமிழாய்வு செய்வோருக்கு உதவும் ஆங்கில நூல்களின் வழிகாட்டித் தொகுப்பை 1966இலேயே வெளியிட்டார். தென்கிழக்காசியாவில் தமிழின் சுவடுகளைத் தேடினார். சயாம் அரச சபைச் சடங்கில் திருவெம்பாவையும் திருப்பாவையும் வழங்கி வந்ததை எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டுகளில் அவருடைய துறையில் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் நாடெங்கும் தமிழ் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் பரவினார்கள். லயத்தில் பிறந்து அந்தத் துறைக்குள் நுழைந்த ஒரு மாணவரின் தாத்தா, ஒரு காலத்தில் சாரங்கபாணியாரின் உண்டியலில் வெள்ளி போட்டவராகவும் இருந்திருக்கலாம். தன் பேரப்பிள்ளை அங்கே செனேகாவையும் கணியன் பூங்குன்றனாரையும் ஒரே மூச்சில் கேட்பான் என்று அவர் கனவு கண்டிருக்க மாட்டார்.

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து விடைபெற்றார். பாரிசிலும் இத்தாலியின் நேப்பல்சிலும் சிறிது காலம் வருகைப் பேராசிரியராக இருந்தார். மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் நடந்தது. நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். கொழும்பில்தான் நடத்த வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. தமிழர்கள் யாழ்ப்பாணத்தில் உறுதியாக இருந்தார்கள். ஜனவரி 10ஆம் தேதி இறுதிப் பொதுக்கூட்டத்தில் மக்கள் வெள்ளம் மண்டபத்தில் அடங்காமல் வெளியே திரண்டிருந்தபோது போலீசார் புகுந்தனர். கண்ணீர்ப்புகை, நெரிசல், அறுந்து விழுந்த மின்கம்பி. வந்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. உலகத்தையே ஊராகக் கொள்ளச் சொன்ன புலவரின் பெயரால் நடந்த மாநாடு, சொந்த ஊரிலேயே இரத்தத்தில் முடிந்தது. அடிகளாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

கடைசி ஆண்டுகளை அவர் யாழ்ப்பாணத்திலேயே கழித்தார். 1980இல் தந்தை செல்வநாயகம் நினைவுப் பேருரையை ஆற்றினார். தமிழாய்வு இதுவரை வந்த தூரத்தையும் இனிப் போக வேண்டிய தூரத்தையும் அளந்த உரை அது. சில மாதங்களில் உடல் நலிந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 67.

ஐந்தாம் மாநாடு நான்கே மாதங்கள் கழித்து, 1981 ஜனவரியில் மதுரையில் நடந்தது. அவர் இல்லாமல் நடந்த முதல் மாநாடு. ஆறாவது மாநாடு 1987இல் மீண்டும் கோலாலம்பூருக்கே வந்தது. 2015இல் ஒன்பதாவதும் இங்கேதான். இந்திய ஆய்வியல் துறை இன்றும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இந்த ஆண்டு எஸ்.டி.பி.எம். எழுதும் நம் மலைப்பகுதிப் பிள்ளைகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.